தம்பியின் தலையில் சோதிக்க வேண்டாம்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதம். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. 16 வயதுத் தம்பி அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறான், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் உடலால் மோதித் தடுக்கும் ஆட்டம் அது. ஒன்பது நாட்களுக்கு முன் பயிற்சியில் இன்னொரு பையனின் தோள் அவன் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் மோதியிருக்கிறது. விழுந்து எழுந்தவன் சில நொடிகள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறான். சி.டி. ஸ்கேன் எடுத்ததில் எல்லாம் நார்மல். அடுத்த வாரம் மேட்ச் இருக்கிறது. அக்கா தன் இறுதியாண்டு புராஜெக்டாக ஒரு புது ஹெல்மெட் வடிவமைத்திருக்கிறார்: வெளியே கெட்டியான கார்பன் ஃபைபர் ஓடு, நடுவில் மரங்கொத்தியின் மண்டை எலும்பைப் பார்த்துச் செய்த துளைத்துளையான அடுக்கு, உள்ளே ஜெல். எடை 2.8 கிலோ. "இது கன்கஷனை (அடியால் மூளை கலங்கிப்போவதை) முழுசாகத் தடுத்துவிடும் என்று நம்புகிறேன். அடுத்த வாரம் தம்பிக்கு இதையே போட்டு அனுப்பலாமா? அவன் கிளப்பில் இன்னும் 12 பையன்களுக்கும் கொடுத்து, உள்ளே சென்சார் வைத்துத் தரவு எடுக்கப் பயிற்சியாளர் சம்மதித்துவிட்டார். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால் போதுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மூன்றரைப் பக்கமும் ஹெல்மெட்தான். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், சாயங்காலமானால் மட்டும் தலை வலிக்கிறது, லைட் போட்டால் எரிந்து விழுகிறான்." டாக்டராக எனக்கு அதுதான் முதல் வரி. அதை முடித்துவிட்டு ஹெல்மெட்டுக்கு வருகிறேன்.

ஸ்கேன் நார்மல், ஆனால் தம்பி இன்னும் நார்மல் இல்லை

சி.டி. ஸ்கேன் எடுப்பது மண்டையோட்டில் விரிசல் விழுந்திருக்கிறதா, உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. அது இல்லை என்பது பெரிய நிம்மதி, சந்தேகமே வேண்டாம். ஆனால் கன்கஷன் என்பது மூளை வேலை செய்யும் விதத்தில் ஏற்படும் குழப்பம், வழக்கமான ஸ்கேனில் அது தெரியாது. ஒரு வீட்டைப் படம் பிடித்தால் சுவர் இடிந்திருப்பது தெரியும், உள்ளே கரண்ட் ஒழுங்காக ஓடுகிறதா என்பது தெரியாது, இல்லையா? அப்படித்தான்.

என்னிடம் வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதில் ஒரு கீறல்கூட இல்லை. நன்றாகப் பேசினான், சிரித்தான், எப்போது ஆடலாம் என்று இரண்டு முறை கேட்டான். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர் வரை சரி. செப்டம்பரில் நின்றான். ஆகஸ்ட் என்றான், மறுபடியும் செப்டம்பர் என்றான், அப்புறம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அதுவரை "அவனுக்கு ஒன்றுமில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா அதன்பிறகு எதுவும் பேசவில்லை.

உங்கள் தம்பிக்கு ஒன்பதாம் நாளிலும் தலைவலி இருக்கிறது, வெளிச்சம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே அடுத்த வார மேட்ச் கிடையாது. எந்த ஹெல்மெட் போட்டாலும் கிடையாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் குணமாகும் காலம் நீளும். அபூர்வமாக மூளை வேகமாக வீங்கி உயிரே போயிருக்கிறது, அப்படிப் பதிவானவர்களில் பெரும்பாலோர் அவன் வயதுப் பிள்ளைகள்.

அதற்காக இருட்டறையில் படுக்க வைக்கவும் வேண்டாம். அந்தக் காலத்து ஆலோசனை அது. 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி விளையாட்டு கன்கஷன் குறித்து நிபுணர்கள் எடுத்த முடிவுப்படி, முதல் ஒன்றிரண்டு நாள் ஓரளவு ஓய்வும் திரை பார்ப்பதைக் குறைப்பதும் போதும். அதன்பிறகு நடை, மெதுவாக சைக்கிள் மிதிப்பது என்று தலைவலி பெரிதாகக் கூடாத அளவுக்கு உடம்பை அசைப்பது குணமாவதற்கு உதவுகிறது. ஆட்டத்துக்குத் திரும்புவது ஆறு படிகளில் நடக்கும், படிக்குப் படி குறைந்தது ஒரு நாள் இடைவெளி. தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகும் முன் அறிகுறிகள் முழுதும் போயிருக்க வேண்டும், மருத்துவர் பார்த்து அனுமதி தந்திருக்க வேண்டும். இந்த வயதில் நான்கு வாரம் வரை ஆவது சகஜம். இடையில் தலைவலி ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இப்போது ஹெல்மெட்.

ஹெல்மெட் எதைத் தடுக்கிறது

"முழுசாகத் தடுக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு ஆசையில்லை, ஆனால் இங்கே ஒரு திருத்தம் அவசியம். ஹெல்மெட் மண்டையோடு உடைவதையும் உள்ளே ரத்தம் கசிவதையும் மிக நன்றாகத் தடுக்கும். கன்கஷனைத் தடுப்பதில் அதன் கை அவ்வளவு நீளம் இல்லை. தம்பியின் ஹெல்மெட்டில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் வரக்கூடிய கடுமையான தலை, கழுத்துக் காயங்களை எந்த ஹெல்மெட்டாலும் தடுக்க முடியாது என்று தயாரிப்பாளரே அதில் சொல்லியிருப்பார்.

இந்த ஆட்டத்தின் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. 1939 வாக்கில் தோல் தொப்பி போய் கெட்டியான பிளாஸ்டிக் ஹெல்மெட் வந்தது. தலை பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில் ஆட்டக்காரர்கள் தலையையே முன்னால் நீட்டி மோதப் பழகினார்கள். 1968-ல் ஒரே ஆண்டில் ஆடுகளக் காயங்களால் 36 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு நாக்சி என்ற தர நிர்ணய அமைப்பு உருவாகி, 1973-ல் ஹெல்மெட்டுக்கான தரத்தை வெளியிட்டது. 1976-ல் தலையை முன்னே கொடுத்து மோதுவதை விதி தடை செய்தது. 1990-ல் அப்படிப்பட்ட சாவு ஒன்றுகூட இல்லை. நல்ல ஹெல்மெட்டும் நல்ல விதியும் சேர்ந்து செய்த காரியம் இது, தனித்தனியாகப் பிரித்துப் பெருமை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தத் தரம் எதை அளந்தது தெரியுமா? ஹெல்மெட் மாட்டிய பொம்மைத் தலையை உயரத்திலிருந்து போட்டு, அது நேர்கோட்டில் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்று பார்த்தார்கள். அந்த அடியின் கடுமையை ஒரு குறியீட்டு எண்ணாக்கி, அது 1200-ஐத் தாண்டக்கூடாது என்பது இன்றைய வரம்பு. மண்டை உடையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கம். தலை சுழல்வதை அளக்கும் சோதனை பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சேர்ந்தது. உங்கள் டிசைன் குறிப்பிலும் சுழற்சி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.

தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பாருங்கள்

ஒரு வட்டப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மேலே சின்ன இலைத்துண்டு ஒன்றை மிதக்க விடுங்கள். பாத்திரத்தைச் சட்டென்று கால் வட்டம் திருப்புங்கள். பாத்திரம் திரும்பும், இலை இருந்த இடத்திலேயே நிற்கும். மண்டையோடும் மூளையும் ஏறக்குறைய அப்படித்தான், என்ன, மூளை தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு தப்பிக்க முடியாது. சுமார் 1.4 கிலோ எடையுள்ள மெத்தென்ற பொருள் அது, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதை ஓட்டோடு பிணைத்திருக்கின்றன. ஓடு திரும்பி மூளை பின்தங்கும்போது உள்ளே இருக்கும் நரம்பிழைகள் இழுபடுகின்றன, முறுக்கப்படுகின்றன.

1943-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஹோல்போர்ன் என்ற இயற்பியலாளர் ஜெலட்டினில் மூளை மாதிரி செய்து இதைக் காட்டிவிட்டார். மூளைத் திசுவை நாலா பக்கமும் அழுத்தினால் அது எளிதில் சுருங்காது, தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் வழுக்கி இழுத்தால்தான் உருக்குலையும். அப்படி இழுப்பது பெரும்பாலும் சுழற்சி. உங்கள் தம்பிக்கு விழுந்ததும் பக்கவாட்டு அடிதான், தலை கழுத்தின் மேல் திரும்பியிருக்கும். அந்த அடிக்கு உங்கள் கார்பன் ஓடு என்ன செய்திருக்கும் என்று யோசியுங்கள். கீறல் விழுந்திருக்காது. ஆனால் தலையோடு சேர்ந்து அதுவும் திரும்பியிருக்கும்.

சுழற்சியைக் குறைக்க ஒரு வழி, ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே வழுக்கும் அடுக்கு ஒன்றை வைப்பது. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கிய மிப்ஸ் அடுக்கில், சாய்வாக அடி விழும்போது ஹெல்மெட் தலையின் மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்து கொடுக்கிறது. சாய்ந்து வளையும் தூண்களை உள்ளே அடுக்கியும் 3டி அச்சில் வலைப்பின்னல் எடுத்தும் வேறு சிலர் முயல்கிறார்கள். உங்கள் ஜெல் அடுக்கையும் இந்தக் கோணத்தில் மறுபடி பாருங்கள், அதில் நல்ல கரு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடு எவ்வளவு கெட்டி என்பதைவிட, தலை நிற்க எவ்வளவு இடம்

இந்தக் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் போட்டுப் பார்ப்போம். 150 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை 5 மில்லிமீட்டருக்குள் நின்றால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 300 மடங்கு முடுக்கம். அதே தலை 25 மில்லிமீட்டரில் நின்றால் 60 மடங்கு. உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுப்பதுதான் கணக்கு, உச்ச அளவு இதைவிடக் கூடவே இருக்கும். ஓட்டின் வேலை அடியை ஒரு புள்ளியில் குவியவிடாமல் பரப்பிக் கொடுப்பது. நிற்கும் தூரத்தைத் தருவது உள்ளே இருக்கும் ஃபோம், அதுவும் முழுத் தடிமனையும் தராது, ஓரளவுக்கு மேல் நசுங்கியதும் கட்டையாகிவிடும். மெத்தென்று இருந்தால் பெரிய அடிக்கு அடிவரை நசுங்கிப் பயனற்றுப் போகும், கெட்டியாக இருந்தால் சின்ன அடிக்கு நசுங்கவே நசுங்காது. இந்த ஆட்டத்தில் இரண்டு வகை அடியும் விழுகிறது, கல்லூரி அளவில் ஒருவர் ஒரு சீசனில் நூற்றுக்கணக்கில் தலையில் வாங்குகிறார், சிலர் ஆயிரத்துக்கும் மேல். சைக்கிள் ஹெல்மெட்டில் இருக்கிற மாதிரி ஒரே அடியில் நொறுங்கித் தியாகம் செய்யும் ஃபோம் இங்கே உதவாது. அப்புறம் வெயிலில் ஃபோம் இளகும், குளிரில் விறைக்கும். லேபில் அறை வெப்பநிலையில் வந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எடையும் என்னை உறுத்துகிறது. இப்போது புழக்கத்தில் உள்ளவை ஏறத்தாழ 2 கிலோ. நீங்கள் 2.8 கிலோவை 16 வயதுக் கழுத்தின் மேல் வைக்கப் போகிறீர்கள். ஓட்டைப் பெரிதாக்கினால் பக்கவாட்டு அடிக்கு நெம்புகோல் நீளமும் கூடும், அதாவது எதைக் குறைக்க வேண்டுமோ அந்தச் சுழற்சியே கூடும்.

மரங்கொத்தி விஷயம் சொல்ல மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அது அழகான யோசனை. பல வடிவமைப்பாளர்கள் அதை நம்பினார்கள். ஆனால் 2022-ல் வான் வாசன்பெர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று வகை மரங்கொத்திகளை அதிவேக கேமராவில் எடுத்துப் பார்த்தபோது, அலகு நிற்கும் அதே வேகத்தில்தான் மண்டையும் நிற்கிறது, நடுவில் அடியை உள்வாங்கும் அமைப்பு எதுவும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நினைத்துப் பார்த்தால் நியாயம்தான், சுத்தியல் தலையில் பஞ்சைக் கட்டிக்கொண்டா மரத்தில் ஓட்டை போடுவார்கள்? அந்தப் பறவையைக் காப்பது அதன் மூளை மிகச் சிறியது என்பது. நம் மூளைக்கு அந்தச் சலுகை இல்லை. துளை அடுக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. மரங்கொத்தியைக் காரணமாகக் காட்டாமல், நசுங்கும்போது எவ்வளவு விசையை எவ்வளவு தூரத்துக்குத் தருகிறது என்ற உங்கள் சொந்த வரைபடத்தைக் காரணமாகக் காட்டுங்கள்.

அந்த 12 பையன்கள்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தரச் சோதனை முடியாத ஹெல்மெட்டைப் போட்டு எந்தப் பிள்ளையையும் களத்தில் இறக்கக் கூடாது. பயிற்சியாளர் சம்மதித்தாலும் சரி, பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் சரி. அந்தக் கையெழுத்து ஆபத்தைத் தெரிந்து போட்டதாக ஆகாது, ஏனென்றால் ஆபத்து எவ்வளவு என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. பிள்ளைகளை வைத்துத் தரவு எடுப்பது மனிதர் மீதான ஆய்வு, கல்லூரியின் நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நாளைக்கு யாருக்காவது அடிபட்டால் சட்டப் பொறுப்பு உங்களுக்கா, கிளப்புக்கா, கல்லூரிக்கா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. ஏற்கெனவே சான்று பெற்ற ஹெல்மெட்டுக்குள் உங்கள் ஜெல்லை மட்டும் வைத்துக் கொடுப்பதும் தீர்வாகாது, அப்படி மாற்றினால் தயாரிப்பாளரின் சான்றே செல்லாமல் போகலாம்.

பொம்மைத் தலையில் எத்தனை ஆயிரம் முறை வேண்டுமானாலும் அடியுங்கள். முன்னே, பின்னே, பக்கம், உச்சி, சாய்கோணம், சூடாக்கி, குளிர வைத்து, வேர்வை நனைந்த மாதிரி ஈரமாக்கி. நேர்கோட்டு முடுக்கத்தோடு சுழற்சியையும் அளங்கள். பிள்ளைகளிடமிருந்துதான் தரவு வேண்டும் என்றால், ஒப்புதல் வாங்கிக்கொண்டு, அவர்கள் இப்போது போடும் சான்று பெற்ற ஹெல்மெட்டையே போடட்டும், சென்சார் பல் கவசத்தில் இருக்கட்டும். ஹெல்மெட் தலையின் மேல் வழுக்கும், மேல்பல் மண்டையோடு ஒட்டி நகரும், அதனால் அளவு நம்பகமாக வரும். உலக ரக்பி அமைப்பும் இந்த வழியில்தான் போயிருக்கிறது. ஆனால் இத்தனை மடங்குக்கு மேல் போனால் கன்கஷன், கீழே என்றால் இல்லை என்று ஒரு கோடு கிழிக்க இதுவரை யாராலும் முடியவில்லை. சென்சார் சிவப்பு காட்டவில்லை என்று சொல்லி எந்தப் பையனையும் திரும்ப ஆட விடாதீர்கள்.

லேபில் குறைந்தது களத்திலும் குறையும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஹெல்மெட்டின் மேல் மாட்டும் கார்டியன் கேப் என்ற மெத்தை உறையை 2022-ல் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக், களத்தில் சில குறிப்பிட்ட இடங்களில் ஆடுபவர்களுக்குச் சீசனுக்கு முந்தைய பயிற்சியில் கட்டாயமாக்கியது, அவர்களிடம் கன்கஷன் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக லீக் அறிவித்தது. பிற்பாடு உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களிடம் நடந்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ரக்பியின் மெல்லிய ஃபோம் தொப்பியையும் 2009-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று பார்த்தது, கன்கஷன் குறையவில்லை. ஆகவே புராஜெக்ட் அறிக்கையில் "இந்தச் சோதனையில் இந்த அளவு இவ்வளவு குறைந்தது" என்று மட்டும் எழுதுங்கள். "கன்கஷனைத் தடுக்கும்" என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். 2012-ல் அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆதாரம் இல்லாமல் அப்படி விளம்பரம் செய்த ஒரு பல் கவச நிறுவனம் இனி அப்படிச் சொல்லக் கூடாது என்று தடையே போட்டது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை, அந்த வாக்கியத்தை நம்பி ஒரு பையன் தலையைக் குனிந்து மோதிவிடுவானே என்பது.

ஹெல்மெட்டைத் தாண்டி என்ன செய்யலாம் என்றால், பயிற்சியாளர் உங்கள் பேச்சைக் கேட்கிறவராக இருப்பதால் அவரிடமே பேசுங்கள். பயிற்சியில் முழு மோதல் நாட்களைக் குறைக்கச் சொல்லுங்கள், தலையை ஒதுக்கித் தோளால் தடுக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். ஐஸ் ஹாக்கியில் சிறுவர்களுக்கு உடலால் மோதுவதைத் தடை செய்ததும் கன்கஷன் 58 சதவீதம் குறைந்தது, பல் கவசத்தால் குறைந்தது 28 சதவீதம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் கழுத்து வலு ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் கன்கஷன் வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. தம்பி குணமான பிறகு கழுத்துக்கும் பயிற்சி சேர்க்கலாம்.

தம்பி அன்றைக்குப் போட்டிருந்த ஹெல்மெட்டை இப்போதைக்கு அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். அவன் திரும்ப ஆடுவதற்கு முன் அதைத் தகுதிச் சோதனைக்கு அனுப்புங்கள். தேறிவிட்டால் அவன் தலையில் மாட்டிப் பாருங்கள்: புருவத்துக்கு மேலே சுமார் 2.5 சென்டிமீட்டரில் விளிம்பு நிற்க வேண்டும், பிடித்து ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும், தாடைப்பட்டை தொங்கக் கூடாது. தேறவில்லை என்றால் கழித்துவிட்டு, காலேஜ் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டாக அறுத்துப் பாருங்கள். அடி விழுந்த பக்கத்து ஃபோமையும் விழாத பக்கத்து ஃபோமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அமுக்கிப் பாருங்கள், கேலிப்பரில் அளந்து பாருங்கள். அதில் தெரிவதைக் குறித்துவைத்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். கூடவே தம்பியின் சாயங்காலத் தலைவலி எப்படி இருக்கிறது என்பதையும், இந்த முறை முதல் பக்கத்தில்.